கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோன மூன்று அமெரிக்கப் படங்கள்

என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. ஆனாலும் போன மாதம் நான்கு நாள் வெளிநாடு போய்வந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடம்பத்தூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். இரண்டுக்கும் ஒரே கலெக்டர். ஆனால் இந்த நாற்பத்தாறு வயது வரை அந்தத் திசையில் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. எங்கள் ரயில் அரக்கோணத்தைப் பார்த்து ஓடும், அவர்கள் ரயில் ஆந்திராவைப் பார்த்து ஓடும். அங்கே டீக்கடை பெஞ்சில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா நான்கும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கின்றன. இதை வெளிநாடு என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

போனது படம் காட்ட. அமெரிக்கப் படம்.

தொழிலுக்கு நான் ஏ.சி. மெக்கானிக். ஒருநாள் ஒரு வீட்டில் கேஸ் ஏறும்வரை காத்திருந்தபோது, ராட்சத மிருகம் வரும் படம் என்று நினைத்து செல்போனில் ஒன்றைத் தட்டிவிட்டேன். ஒரு பெண் ஜன்னல் ஓரமாக நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். ஜன்னல் வழியாக மிருகம் வரும், வரும் என்று பார்த்தேன். கடைசிவரை வரவில்லை. படம் முடிந்தபோது என் கண் நனைந்திருந்தது. அன்று பிடித்த பைத்தியம், பன்னிரண்டு வருடம் ஆகிறது. கீழே ஓடும் எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்துத்தான் இங்கிலீஷே கற்றுக்கொண்டேன்.

அமெரிக்கப் படத்தில் இரண்டு வகை. நம் ஊருக்குத் தமிழ் பேசிக்கொண்டு வருவது கட்டடம் இடிகிற வகை. விருது வாங்குகிற வகைக்கு யாரும் தமிழ்க் குரல் கொடுப்பதில்லை. அதில் ஆட்கள் மெதுவாகப் பேசுவார்கள், பாதியில் நிறுத்துவார்கள், காருக்குள் தனியாக உட்கார்ந்து அழுவார்கள். நான் பார்த்தவரையில் அந்த நாட்டில் வீட்டுக்குள் அழுதவர்களைவிடக் காருக்குள் அழுதவர்களே அதிகம். எனக்கு உயிர் இந்த வகைதான்.

இந்தக் கதைகளை ரயிலில் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். அப்படிக் கேட்டவர்தான் அருள்ராஜ். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. வேப்பம்பட்டில் மாமியார் வீடு என்பதால் எங்கள் ரயிலில் அடிக்கடி ஏறுவார். “சும்மா வாயால சொல்லிக்கினு இருந்தா எப்டிணா? எங்க ஊருக்கு வந்து காட்டு. சர்ச் ஹால் கீது, ஃபாதர்கிட்ட புரொஜக்டர் கீது” என்றார். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு விடும். மூன்று மணிக்குப் படம். வெள்ளி, சனி, ஞாயிறு. சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று, யார் என்ன பேசுகிறார்கள் என்று நான் தமிழில் சொல்லவேண்டும். திரையில் எழுத்து வந்தால் அதையும் படித்துச் சொல்லவேண்டும்.

படங்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள். கும்மிடிப்பூண்டியில் வாங்கியதே போதும்.

வெள்ளிக்கிழமை காலை இறங்கியதுமே முதல் அதிர்ச்சி. நீலச் சட்டை போட்டிருந்தேன், தோளில் ஒரு பை. சாலையோரம் நின்று அருள்ராஜுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பேருந்து வந்து நின்றது. கதவிலிருந்து ஒருவர் இந்தியில் ஏதோ கத்தி, என் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார். அருள்ராஜ் அனுப்பி வைத்த வண்டி போலிருக்கிறது, என்ன மரியாதை என்று நினைத்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். சுற்றிலும் என்னைப் போலவே நீலச் சட்டை, என்னைப் போலவே பை. கால் மணி நேரத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் வரிசையாக நிற்கவைத்து என் தலையில் மஞ்சள் தொப்பி ஒன்றைக் கவிழ்த்தார்கள். நான் படம் காட்ட வந்தவன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தொப்பி கவிழ்த்த ஆள் சொன்ன பதிலைப் பக்கத்தில் நின்றவர் தமிழாக்கினார்: “எல்லாரும் முதல் நாள் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்களாம். உள்ள போவியாம்.” அருள்ராஜ் பைக்கில் வந்து மீட்பதற்குள் எனக்கு ஒரு ஜோடி கையுறையும் கொடுத்துவிட்டார்கள்.

மீட்டுக்கொண்டு போன வீட்டில் இரண்டாவது அதிர்ச்சி. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசம் தெருவரை வந்தது. எனக்கு மட்டும் ஹோட்டல் பார்சல். சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் தனித்தனிப் பையில் கட்டி வைத்திருந்தார்கள். “நீங்க நெலம் நீச்சு வச்சிருக்கறவங்க. எங்க ஊட்ல சாப்பிடுவீங்களோ இல்லியோன்னு...” என்று அருள்ராஜின் மனைவி ஸ்டெல்லா பாதியில் நிறுத்தினாள். குற்றமாகச் சொல்லவில்லை, மழை வருமோ என்று குடை எடுத்து வைத்ததுபோலச் சொன்னாள். எனக்குக் காது சுட்டது. குழம்பை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பார்சலை அருள்ராஜ் சாப்பிட்டார்.

முதல் படம் ஒரு விவசாயி பற்றியது. வயதான கணவன், மனைவி. தாத்தா காலத்து நிலம் கைவிட்டுப் போகிறது. இரண்டு மணி நேரப் படத்தில் அந்த மனிதர் பேசுவது நாற்பது வரி இருக்கும். வெயிலும் வேலியும் காற்றுமாக, ஒவ்வொரு காட்சியையும் சட்டம் போட்டு மாட்டலாம். ஹாலில் அறுபது எழுபது பேர். நிலத்துக்காரன் மௌனமாக நிற்கும் இடங்களில் எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால், மைக்கைப் பிடித்துக்கொண்டு நானும் மௌனமாக நின்றேன். முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார்.

“இவ்ளோ பெரிய ஊடு, பேச ஒரு ஆள் இல்ல. இவருக்கு அக்கா தங்கச்சி யாரும் கெடையாதா?” என்று ஒரு அம்மா கேட்டார். கடைசியில் கறுப்புத் திரையில் நாலு வரி எழுத்து வந்தது: நிலம் ஏலம் போனது, அடுத்த வருடமே அவர் இறந்தார். படித்துச் சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அருள்ராஜின் நண்பர், எங்களைவிட மூத்தவர், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: “நடுவுல ஒரு வேன்ல ஏழெட்டு பேரு வந்து அறுப்பு அறுத்துட்டுப் போனாங்களே. அவங்க இன்னா ஆனாங்க? அதுக்கு எழுத்து ஒண்ணும் வரலியே.”

அந்தப் படத்தை ஐந்து முறை பார்த்தவன் நான். அந்த வேன் என் நினைவிலேயே இல்லை. அருள்ராஜ் வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் தேடிப் பார்த்தேன். இருந்தது. ஏழு பேர். ஒருவருக்கும் முகம் சரியாகத் தெரியவில்லை, ஒருவருக்கும் பேச்சு இல்லை. எங்கள் நிலத்திலும் வருடா வருடம் வேனில் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பெயரும் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை நாஷ்டாவுக்கு எளாவூர் கூட்டிப்போனார் அருள்ராஜ். ஆந்திர எல்லைச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. எங்கள் ஊரில் சட்னி இட்லிக்குப் பக்கத்தில் ஓரமாக இருக்கும். அங்கே காரச் சட்னிக்கு நடுவில் இட்லி தீவு மாதிரி இருந்தது. ஒரே வாயில் எனக்குக் கண்ணீர். எதிரே உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, கடையே சிரித்தது. அருள்ராஜ் தமிழில் சொன்னார்: “பொண்டாட்டி ஓடிப்போயிட்டாளா நைனான்னு கேக்கறாரு.”

அன்று காட்டியது ஒரு பெரிய சமையல்காரரின் கதை. நாக்கில் ருசி போய்விட்ட மனிதர், அதை மறைத்துக்கொண்டு சமைக்கிறார். அமெரிக்காவில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய படம். எனக்கு அது ஒரு கலைஞனின் துயரம். ஹாலுக்கு அது முழு நகைச்சுவை. பெரிய தட்டின் நடுவே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உணவு வந்ததுமே சிரிப்பு கிளம்பிவிட்டது. நடுவில் கரண்ட் போய்விட்டது. மீதிக் கதையை வாயால் சொன்னேன். உண்மையைச் சொன்னால், படத்தைவிட அது நன்றாக எடுபட்டது. ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது வரிசையில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் காரணம் தெரிந்தது. மறுநாள் காட்டப்போகும் மூன்றாவது படத்தின் முடிவு பிரமாதம் என்று ரயிலில் நான் புகழ்ந்ததைத்தான் அருள்ராஜ் கேட்டிருந்தார்; கதை என்ன என்று இப்போது கேட்டார். சொன்னேன். ஒரு சின்ன ஊர், ஒரு இறைச்சித் தொழிற்சாலை. இயந்திரத்தில் ஒருவனுடைய கை போய்விடுகிறது. அவன் கவனக்குறைவு என்கிறது கம்பெனி. பக்கத்து இயந்திரத்தில் நின்ற கூட்டாளிக்குத்தான் உண்மை தெரியும். விசாரணையில் அவன் சொல்வானா, மாட்டானா?

அருள்ராஜின் முகம் மாறியது. “இது வேணாம்ணா. கார் பறக்கற மாதிரி ஏதாச்சும் போட்ரு.”

உள்ளேயிருந்து ஸ்டெல்லா வந்தாள். விஷயத்தை அவளேதான் சொன்னாள். அவள் வேலை செய்வது தகடு அழுத்தும் பிரஸ்ஸில். இயந்திரத்தில் இரண்டு பட்டன். இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் ஒரு மணி நேரத்தில் அவர்கள் கேட்கும் எண்ணிக்கை வராது. அதனால் பழைய செருப்பிலிருந்து ஒரு துண்டு ரப்பர் அறுத்து, ஒரு பட்டனை அழுத்தி அதைச் செருகிவிடுவார்கள். அதற்கு ஆப்பு என்று பெயர். ஒரு கை பட்டனைத் தட்டும், இன்னொரு கை தகட்டைத் தள்ளும். சூப்பர்வைசருக்குத் தெரியும். அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் “ஆப்பெல்லாம் எடுங்க” என்று அவரே சொல்வாராம்.

பக்கத்து மெஷினில் பூர்ணிமா என்று ஒரு ஒடிசாப் பெண். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளுடைய வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. யாருக்கும் தெரியாமல் அவளாகவே ஆப்பு வைத்துக்கொண்டாள் என்று கம்பெனி எழுதிவிட்டது. அது நிலைத்தால் கையில் கட்டோடு, பழியோடு ஊருக்கு ரயில் ஏறவேண்டியதுதான். திங்கட்கிழமை விசாரணை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“ஒண்ணும் கவனிக்கலன்னு சொல்லிட்டு வந்துடுன்றாங்க லைன்ல எல்லாரும். நம்ம ஊரு பொண்ணா அதுன்றாங்க” என்றாள். அருள்ராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“அந்தப் படத்தையே காட்டுணா. அவன் இன்னா பண்றான்னு பாக்கறேன்.”

அவன் என்ன பண்ணுகிறான் என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் படத்தின் புகழே அதன் முடிவுதான். விசாரணை அறை. “நீ பார்த்தாயா?” என்று கேட்கிறார்கள். கேமரா அவன் முகத்தில் நிற்கிறது. நாலு நிமிடம். முகம் மட்டும். பிறகு திரை இருட்டாகிறது. சொன்னானா, இல்லையா, நமக்குச் சொல்லமாட்டார்கள். பார்ப்பவர் மனசாட்சியிடம் விட்டுவிட்டார் இயக்குநர் என்று எழுதாதவர் இல்லை. நானே ரயிலில் இரண்டு வருடமாக அந்த நாலு நிமிடத்தைப் புகழ்ந்து தீர்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய முடிவு சினிமாவில் கிடையாது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இடமில்லை. செய்தி பரவிவிட்டது போலிருக்கிறது. ஸ்டெல்லாவின் லைனில் வேலை செய்யும் பெண்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். அன்று யாரும் தூங்கவில்லை, யாரும் கிண்டல் அடிக்கவில்லை. திரையில் இயந்திரத்தைக் காட்டியபோது ஒரு பெண் பக்கத்தில் இருப்பவளிடம், “அவங்களுக்கும் ரெண்டு பட்டன்தான்டி” என்றது எனக்குக் கேட்டது. கை போகும் காட்சியில் எல்லோரும் தங்கள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அது அலைபோலத் தெரிந்தது.

கடைசிக் காட்சி வந்தது. “நீ பார்த்தாயா?” என்பதைத் தமிழில் சொன்னேன். முகம் வந்தது.

வீட்டில் தனியாகப் பார்க்கும்போது அந்த நாலு நிமிடம் தவம். அந்த ஹாலில் அது சித்திரவதை. ஒரு நிமிடம் ஆனதும், “இன்னாணா சொல்றான்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் சொல்லவில்லை என்றேன். இரண்டாவது நிமிடம். மூன்றாவது நிமிடம். ஸ்டெல்லா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நடிகனுடைய முகத்தில் நான் இத்தனை நாள் ஆழம் என்று நினைத்தது எல்லாம் வெறும் நழுவல் என்று தோன்றியது. அவனுக்கென்ன, திரை இருண்டால் வீட்டுக்குப் போய்விடுவான்.

திரை இருண்டது. கறுப்பில் வெள்ளை எழுத்து மேலே ஏறத் தொடங்கியது. நடித்தவர்கள், விளக்குப் பிடித்தவர்கள், துணி தைத்தவர்கள் பெயர்கள். ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. வெள்ளிக்கிழமை எழுத்து வந்தபோது படித்துச் சொன்னவன் அல்லவா? இதையும் படிக்கப்போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

நான் படித்தேன். “பார்த்தேன் என்று அவன் சொன்னான். மெஷினில் தவறு இருந்தது மேலே இருப்பவர்களுக்கும் தெரியும் என்று சொன்னான். விசாரணை திரும்ப நடந்தது. கூட்டாளி மேல் இருந்த பழி போனது.” பெயர்கள் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தன. என் வாய் நிற்கவில்லை. கூட்டாளிக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள் என்றேன். இரண்டு குடும்பத்தாரும் இன்றைக்கும் ஒரே தெருவில் இருக்கிறார்கள் என்றேன். கைதட்டல் எழுந்தது. மூன்று நாளில் அதுதான் முதல் கைதட்டல். மைக்கை வைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு படத்துக்கு நான் செய்த முதல் துரோகம்.

அருள்ராஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்டெல்லா நாற்காலிகளை அடுக்கினாள்.

அப்புறம்தான் பயம் பிடித்தது. ஒரு பெண் நாளைக்குத் தன் வேலையைப் பணயம் வைத்துப் பேசப் போகிறாள். அவளுக்குத் தைரியம் கொடுத்தது நடக்காத ஒரு காட்சி. அமெரிக்காவில் எவனோ சொன்னான் என்று நம்பிப் போகிறாள். அவன் சொல்லவில்லை. எழுதியவரும் சொல்லச் சொல்லவில்லை. சொன்னது கடம்பத்தூர் ஏ.சி. மெக்கானிக்.

திங்கட்கிழமை காலை கம்பெனிப் பேருந்து வரும் இடத்துக்கு அவளுக்கு முன்னாலேயே போய் நின்றேன். இந்த முறை வெள்ளைச் சட்டை. அவள் டிபன் பையோடு வந்தாள். சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன்: கடைசியில் ஓடியது வெறும் பெயர்கள், அவன் வாயைத் திறக்கவே இல்லை, நானாகச் சொன்னது அது, என்னை மன்னித்துவிடு, உனக்கு எது சரியோ அதைச் செய்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பிரஸ்ஸுக்கு வரதுக்கு முன்ன ஆறு வருஷம் பேக்கிங்ல இருந்தேன்ணா. நாள் பூரா இங்கிலீஷ் லேபிள்தான். பேரு எது, விஷயம் எதுன்னு எனக்குத் தெரியாதா?”

தெரிந்துமா சும்மா இருந்தாய் என்றேன்.

“நீ அந்தப் படத்தத் தூக்கி வச்சிக்கினு எவ்ளோ பேசுன, எங்கூட்டுக்காரு சொல்லிகீறாரு. ஒனக்கே அவன் கம்முனு இருந்தது பொறுக்கலியே. அத்த பாத்தேன். அது போதும் எனக்கு.” பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “வேற ஒண்ணுணா. பூர்ணிமா சேர்ந்த அன்னிக்கு, எண்ணிக்க வரலன்னு அழுதுகினு இருந்தா. எஞ் செருப்புல இருந்து அறுத்து அந்த ஆப்பக் குடுத்ததே நான்தான். இத்த அவர்கிட்டகூடச் சொல்லல.”

பேருந்து வந்தது. அவள் ஏறிவிட்டாள். நான் ரயிலைப் பிடித்தேன். எதை எங்கே மாறினேன் என்று நினைவில்லை. இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி வந்தேன்.

சாயங்காலம்வரை போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நானாகக் கூப்பிடும் தைரியம் எனக்கு இல்லை. வியாழக்கிழமை காலை அருள்ராஜ் கூப்பிட்டார். குரல் களைத்திருந்தது. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஆப்பைத் தான்தான் கொடுத்ததையும், தன் மெஷினிலும் எல்லா மெஷினிலும் அது இருப்பதையும், சூப்பர்வைசர் அதை எடுக்கச் சொல்லும் நாட்களையும். எழுதி வாங்கிக்கொண்டார்களாம். பூர்ணிமா இப்போதைக்கு ஊருக்குப் போகவில்லை. முடிவு தெரியும்வரை அவளைக் கம்பெனி விடுதியிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று மாலையே எல்லா மெஷினிலிருந்தும் ஆப்பைப் பிடுங்கிவிட்டார்கள். கேட்கும் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

பிறகு ஸ்டெல்லா பேசினாள். “லைன்ல ஒருத்தரும் எங்கூடப் பேசறதில்லணா. சாப்பாட்டுக்கு நான் போய் குந்துனா எழுந்து போய்ட்றாங்க. அன்னிக்குக் கை தட்டுனாங்களே, அதே பொண்ணுங்கதான். ஒரே பேஜாரா கீது.”

அவள் கேட்டாள்: “சொன்னதுக்கு அப்புறம் அடுத்த நாளு, அதுக்கு அடுத்த நாளு, வேலைக்குப் போய் அவங்க நடுவுல எப்டி நிக்கறதுன்னு எந்தப் படத்துலயாச்சும் காட்டிகீறானா?”

பன்னிரண்டு வருடத்தில் பார்த்த அத்தனையையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். விருது வாங்கியவை, வாங்காதவை, காருக்குள் அழுதவை. எல்லாம் அதற்கு முன்னாலேயே இருட்டாகிவிடுகின்றன. இல்லம்மா என்றேன்.

“அப்போ அவங்களுக்கும் தெரியாது” என்றாள். ஷிஃப்டுக்கு நேரமாகிறது, பஸ் வந்துவிடும் என்று போனை வைத்தாள்.